கிராணியாரின் அடுப்புத் தாள்

எனக்கு எண்பத்தெட்டு வயது நடக்கிறது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் என் நாத்தனார் கண்மூடியபோது என் மடிக்கு வந்தவர்கள். யார் பெற்ற பிள்ளை, யார் வந்த பிள்ளை என்று வெளியார் கேட்டால் இன்றுவரை நான் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான், ஐந்து விதமான எழுத்தில் அச்சான ஒரு தாளை, அது ஊருக்குள் போவதற்கு முன்னால், சரியா தப்பா என்று பார்த்துச் சொன்ன ஒரு காலம் உண்டு. இதை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லும்படி இப்போதுதான் ஒரு காரணம் வந்தது.

இதே மலாக்காவில், புக்கிட் காதிலில் இருக்கும் என் பேத்திக்குக் கம்ப்யூட்டர் வேலை. போன மாதம் வந்தவள் தன் கைப்பேசியை என் முன்னால் வைத்தாள். கிளினிக்கில் வரிசை எண் எடுக்கும் ஏதோ ஒரு மென்பொருளாம். அதை அவரவர் போனில் இறக்கிக்கொள்ள ஒரு பக்கம் செய்திருக்கிறார்கள். நாலு மொழியில் வரும், அடுத்த வாரம் வெளியிடப் போகிறார்கள், அதற்கு முன்னால் நான் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். “நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேன் பாட்டி. நீங்களே பார்த்து இறக்குங்க” என்று சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு தள்ளி உட்கார்ந்தாள். பக்கம் மலாயில் திறந்தது. தமிழ் எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் அவளே பொறுக்க முடியாமல், மூலையில் இருந்த உருண்டைப் படத்தைத் தொட்டால் மொழிகள் வரும் என்றாள்.

“உருண்டைக்குள்ள தமிழ் ஒளிஞ்சிருக்குன்னு யாருடி கண்டா?”

“அது உலகம், பாட்டி!”

“உலகத்துல தேடினா கிடைக்கும்னு சொல்லியிருக்கலாமே. பந்துன்னு நெனச்சேன்.”

அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். வாயைத் திறக்காமல் என் விரலையே பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த அந்த இருப்பு எனக்குப் பழக்கமானது. இதே மாதிரி ஒருவர் ஒரு காலத்தில் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். கம்பெனிக் குமாஸ்தா, அவரை நாங்கள் கிராணியார் என்போம்.

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். எனக்கு இருபது வயது, கல்யாணமாகி ஒரு வருஷம், காஜா பெராங்கில் வாடகை வீடு. ஆற்றோரத்தில் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியின் கிடங்கில் எனக்குப் பெட்டி கட்டும் வேலை. அந்தக் கம்பெனி பம்ப் அடுப்பு விற்றது. மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து எரிக்கிற பித்தளை அடுப்பு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு அடுப்பு, அடைப்பெடுக்கும் ஊசி ஒன்று, எப்படிப் பற்றவைப்பது என்று சொல்லும் தாள் ஒன்று. தாளை நாலாக மடித்து உள்ளே வைத்து மூடுவது நான். அந்தத் தாளை எழுதுவது கிராணியார்.

முன்பிருந்த தாளில் இங்கிலீஷ் மட்டும்தான் இருந்தது. வாங்கிப்போன ஒரு வீட்டில் முறை தெரியாமல் பற்றவைத்து அடுப்படிச் சுவர் கருகிவிட்டது. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றும் இல்லை. கம்பெனித் துரை கிராணியாரைக் கூப்பிட்டு, புது அடுப்புகள் வருகின்றன, எல்லா ஜனங்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு தாள் வேண்டும், இன்னொரு தடவை இப்படி நடந்தால் உன் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவான் என்று சொல்லிவிட்டார். மெர்டேக்கா வாரத்துத் திங்கட்கிழமை அடுப்புகள் கடைகளுக்குப் போயாக வேண்டும். கிராணியார் இதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “என் நாற்காலிக்கு நாலு கால்னு நெனச்சிருந்தேன். இப்போ அஞ்சு எழுத்து மேல நிக்குது.”

இங்கிலீஷ், ரூமி என்கிற இங்கிலீஷ் எழுத்தில் மலாய், ஜாவி என்கிற அரபு எழுத்தில் மலாய், சீனம், தமிழ். அதுதான் அந்த ஐந்து. தாளைச் சுற்றி ஐந்து கட்டமாக எழுத்து. நடுவில் ஒரே வரிசையாக நாலு படம். எண்ணெய் ஊற்றுவது ஒரு படம். கிண்ணியில் ஸ்பிரிட் விட்டுப் பற்றவைப்பது ஒன்று. சூடேறிய பிறகு காற்றடிப்பது ஒன்று. சட்டியை ஏற்றுவது ஒன்று. அந்தப் படவரிசைதான் அவருக்குப் பெருமை. “எழுத்து அவங்கவங்க வீடு. படம் எல்லாருக்கும் பொது முற்றம்” என்பார். ஐந்து ஜனத்துக்கு ஐந்து தாள் அடித்துவிட்டால் சுலபம் என்று அச்சகத்தில் சொன்னதை அவர் ஏற்கவில்லை. புது நாடு பிறக்கும்போது ஆளுக்கொரு தாளா என்று கேட்டாராம்.

அவர் என்னைக் கூப்பிட்டபோது மற்ற பெண்களுக்குச் சிரிப்பு. “எழுதப் படிக்கத் தெரிஞ்சவ கிடைக்கலையா கிராணியாருக்கு?” என்று என்னோடு பெட்டி கட்டிய அக்கா என் காதுபடவே கேட்டாள். எனக்கு ரோஷமாக இருந்தது. அவரிடமே போய்க் கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை.

“நல்லாப் படிக்கத் தெரிஞ்சவங்க தப்பான தாளையும் சரியாப் படிச்சிடுவாங்கம்மா. நீ தடுக்கி விழுற இடம்தான் எனக்கு வேணும்.”

அவர் சோதிக்கிற முறை இது. எண்ணெய்க்குப் பதில் டின்னில் தண்ணீர். ஸ்பிரிட் சீசாவிலும் தண்ணீர். தீப்பெட்டி காலி. அடுப்பையும் தாளையும் முன்னால் வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார், தன்னை அறியாமல் விரலை நீட்டிவிடக் கூடாதென்று. வாயில் ஒரு கற்கண்டு. வாயில் ஏதாவது இருந்தால்தான் அது சும்மா இருக்கும் என்பார். நான் எழுத்துக் கூட்டி, “எரி... நெய்... யினைப் பெய்க” என்று படித்து, நெய்யை எதற்கு அடுப்புக்குள் ஊற்றுவது என்று விழித்தபோது, அவர் கற்கண்டைக் கடித்தே விட்டார். மறுநாள் அந்த இடத்தில் ‘மண்ணெண்ணெய் ஊற்றவும்’ என்று இருந்தது. தமிழில் மட்டும் அப்படி ஒன்பது இடம் மாற்றினார். ஒவ்வொரு இடத்திலும் தடுக்கியவள் நான்தான். சொல்லிக்கொள்ளத் தயக்கம் இல்லை.

பிறகு வெளியாட்களையும் கூட்டிவரச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பு. அங்கே ஓர் அம்மாள் எனக்குப் பழக்கம். மலாக்கா செட்டிகள் நம்மைப் போல மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், ஆனால் பரம்பரையாக வீட்டில் பேசுவது மலாய். அந்த அம்மாளை அழைத்துப் போனேன். கபாயாவும் சாரோங்கும் உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்தார். கிராணியார் திருநீற்றைப் பார்த்தார், தாளைத் தமிழ்ப் பக்கம் மேலே தெரியும்படி மடித்தார், மரியாதையோடு இரண்டு கையாலும் கொடுத்தார். அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் மலாயில் சொன்னார்: “உங்க கிராணி நல்ல மனுஷன். ஆனா என் நெத்தியைப் படிச்சிட்டாரு. என் வாயைக் கேக்கவே இல்லையே.”

கிராணியாருக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கே தாளின் வெளிப்பக்கத்தை மாற்றினார். எழுத்துக்கு ஒரு வரியாக ஐந்து வரி, எல்லாம் ஒரே அளவு. தாளை யார் கையிலும் விரித்துக் கொடுக்கக் கூடாது, தன் வரியை அவர்களே கண்டுபிடித்துத் திறக்கட்டும் என்று எனக்கும் சொல்லிவைத்தார்.

எல்லாம் சரி என்று அச்சுக்குப் போனது. ஜாவியை ஒரு மதப்பள்ளி ஆசிரியர் சரிபார்த்தார். சொல் ஒவ்வொன்றும் சரி என்றார். படத்தைப் பார்க்கும்படி அவரை யாரும் கேட்கவில்லை. மலாய்க்காரர்களில் அடுப்பைத் தொட்டுப் பார்த்தது ஆபீஸ் டைப்பிஸ்ட் ஒருவர்தான், அவர் ரூமியில் படித்தவர். சனிக்கிழமை காலை கட்டுக்கட்டாகத் தாள்கள் கிடங்குக்கு வந்து இறங்கின. மை வாசனை போகவில்லை. நான் மடிக்க ஆரம்பித்தேன்.

கிடங்கு வாசலில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்கார அம்மாள் ஒருவர் உண்டு, அத்தை என்கிற மாதிரி மக்சிக் என்று கூப்பிடுவோம். கூடை காலியானதும் உள்ளே வந்து எங்களோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார். குர்ஆனும் ஜாவிப் பத்திரிகையும் கண்ணாடி போடாமல் படிப்பார். அன்றைக்கு வந்தவரிடம், கிராணியார் இல்லாத நேரத்தில், பழக்கதோஷத்தில் ஒரு தாளை நீட்டினேன். தண்ணீர் டின்னும் அடுப்பும் ஓரத்தில் அப்படியே இருந்தன. “பரீட்சையா? ஜெயிச்சா அடுப்பு எனக்கா?” என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். தன் வரியைச் சட்டென்று கண்டுபிடித்துத் தாளைத் திறந்தார். எழுத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லாரையும் போலப் படத்துக்குப் போனார். அவர் விரல் வலது கோடியில் இருந்த படத்தில் போய் நின்றது.

சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார். அடுத்து காற்றடித்தார். அடுத்து காலித் தீப்பெட்டியை உரசிக் கிண்ணியில் காட்டினார். அப்புறம் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருகிக் கழற்றி, டின்னைத் தூக்கினார்.

“மக்சிக்! நெருப்பு எரியுதே!” என்று கத்திவிட்டேன்.

“எங்க எரியுது? தாளு ஊத்தச் சொல்லுது, நான் ஊத்துறேன்.”

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஜாவி எழுத்து வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் ஓடும். அந்தக் கண்ணுக்கு எதுவும் வலப்பக்கம்தான் தொடங்கும். எங்கள் பொது முற்றத்துக்கு இடப்பக்கம் மட்டும்தான் வாசல் வைத்திருக்கிறோம் என்பது அந்த நிமிஷம்வரை எங்களில் ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை. சொன்னால் கிராணியாரின் நாற்காலி போகும். சொல்லாவிட்டால் யார் வீட்டு அடுப்படி போகுமோ. மடித்து வைத்திருந்த தாள்களை ஓரமாக ஒதுக்கினேன். பிறகு அவர் மேஜைக்குப் போனேன்.

முதலில் அவர் நம்பவில்லை. அவசரத்தில் பார்த்திருப்பார் என்றார். தானே மக்சிக் எதிரில் உட்கார்ந்தார். கற்கண்டு போட்டுக்கொள்ள மறந்துவிட்டார், ஆனாலும் பேசவில்லை. மக்சிக் மறுபடியும் வலமிருந்தே வந்தார். கிராணியார் ஒரு பென்சிலை எடுத்துப் படங்களுக்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதி இன்னொரு தாளைக் கொடுத்தார். மக்சிக் அதைக் கவனமாகப் பார்த்தார்.

“சட்டி நாலு வெள்ளியா? பரவாயில்லை. எண்ணெய் ஒரு வெள்ளியா? அலாமாக், இது கொள்ளை!”

எண்ணைப் பார்த்ததும் விலை என்று எடுத்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைக்காரர்கள் கொடுக்கிற தாளில் படத்துக்குக் கீழே இருந்தால் அது விலைதானே? கிராணியார் எழுந்து, எதிர்ச் சாரியில் இருந்த காப்பிக் கடைக்குப் போனார். அங்கே கடை முதலாளியான சீனப் பெரியவர், தவுக்கே என்போம், சீனப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். வலது கோடியில் தொடங்கி மேலிருந்து கீழே, மறுபடி அடுத்த வரி மேலிருந்து கீழே. தாளைக் கொடுத்தபோது அவரும் சட்டிப் படத்தில்தான் ஆரம்பித்தார்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்காராமல் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். “அஞ்சு தாளாவே அடிச்சிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் என் அடுக்குத் தூக்கைத் திறந்தேன். மேல் தட்டில் பொரியல். அதை எடுத்துக் கீழே வைத்தபோதுதான் கை நின்றது. இடமோ வலமோ, எந்த ஜனமாக இருந்தாலும் தூக்கை மேலிருந்துதானே பிரிக்கிறோம்? தவுக்கே வலமிருந்து வந்தாலும் மேலிருந்து கீழேதானே இறங்கினார்? சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, கயிறு வெட்டும் கத்தரியால் ஒரு தாளின் படவரிசையை நாலு துண்டாக வெட்டினேன். பெட்டி ஒட்டும் பசையால் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டினேன். கோணல்மாணலாகத்தான் இருந்தது.

மக்சிக் மேலே தொடங்கினார். தவுக்கே மேலே தொடங்கினார். சாயங்காலம் செட்டிக் கம்பத்து அம்மாளிடம் கொண்டுபோனேன், அவரும் மேலேதான். கிராணியார் அந்த ஒட்டுத் தாளை விளக்கடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இத்தனை நாளா இது என் கண்ணுல படலையே” என்றார். அவர் குரலில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. நாற்காலி போகப்போகிற மனிதர், மாயவித்தை பார்த்த பிள்ளை மாதிரி நின்றார்.

திங்கட்கிழமை காலை துரையிடம் போனார். நான் மாடிப்படியின் கீழே பெட்டிகளோடு நின்றேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, குரல் தெரியும். துரையின் குரல் ஏறியது, கிராணியார் குரல் ஏறவே இல்லை. பிறகு இறங்கி வந்து என்ன நடந்தது என்று சொன்னார். தாளைத் திரும்ப அச்சடிக்க நேரமில்லை, பென்சிலால் எண் போட்டு அனுப்பிவிடு, அனுப்புச் சீட்டில் கையெழுத்துப் போடு என்று உத்தரவு. போட மாட்டேன் என்றாராம். அப்படியானால் சாவிக்கொத்தை வைத்துவிட்டுப் போ என்றாராம்.

“அச்சகத்து மேல பழியைப் போட்டிருக்கலாமே ஐயா?” என்று அந்த அக்காவே கேட்டாள்.

“அவங்க நான் கொடுத்ததைத்தானேம்மா அடிச்சாங்க” என்றார். குடையை எடுத்துக்கொண்டார். பாதி தூரம் போய்த் திரும்பி வந்து, கற்கண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார்.

கையெழுத்து இல்லாமல் பெட்டிகள் நகரவில்லை. மத்தியானம் துரையே கிடங்குக்கு இறங்கி வந்தார். கோபமா, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்ற ஆசையா, எனக்குத் தெரியாது. மக்சிக்கைக் கூப்பிட்டு, பென்சில் எண் போட்ட தாளைக் கொடுத்தார். மக்சிக் சட்டியை ஏற்றி, காற்றடித்து, பற்றவைத்து, மூடியைத் திருகினார். துரை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார், உள்ளே தண்ணீர்தான் என்று தெரிந்தும். பிறகு நான் ஒட்டிய தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். அடுப்புகள் மெர்டேக்கா முடிந்து பத்துநாள் கழித்து, புதுத் தாளோடுதான் கடைக்குப் போயின. நான்தான் மடித்தேன்.

கிராணியாரை மட்டும் யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. துரைக்குக் கூப்பிட மனம் வரவில்லை. கிராணியாருக்குப் போய்க் கேட்க மனம் வரவில்லை. நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். அந்தத் தாளால் ஒரு வீட்டிலும் தீப்பிடித்ததாக நான் வேலையில் இருந்தவரை கேள்விப்படவில்லை. நடக்காமல் போன ஒன்றுக்காக யார் யாரைப் பாராட்டுவார்கள்?

ஐந்தாறு வருஷம் கழித்து, மூன்றாவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உஜோங் பாசிருக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். அங்கே ஒரு சின்ன நோட்டுப் புத்தகக் கடையில் கிராணியார் உட்கார்ந்திருந்தார். உறவுக்காரர் கடையாம். தலை நரைத்திருந்தது. என் பிள்ளைக்கு ஒரு கற்கண்டு கொடுத்தார். துரையைப் பற்றிக் கேட்பார், தன் இடத்துக்கு வந்தவரைப் பற்றிக் கேட்பார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“நம்ம மக்சிக் அந்த அடுப்பை வாங்கினாங்களா?”

“இல்லைங்கய்யா. இன்னும் விறகடுப்புதான்.”

அவர் முகம் மாறிவிட்டது. முன்னால் குனிந்தார். “ஏன்? தாள்ல ஏதாவது புரியலையாமா?”

“அதெல்லாம் நல்லாப் புரியுதாம். தேங்காய்ப்பால் சோறு விறகுல வெந்தாத்தான் வாசம்னு சொல்றாங்க.”

அப்படியா என்று நாற்காலியில் சாய்ந்து, இருமல் வருகிறவரை சிரித்தார். “அப்ப சரி” என்றார். “அப்ப சரி.” அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. நானும் மீன் கெட்டுப்போகுமே என்று பஸ்ஸுக்கு நடந்தேன்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிவிட்டாயா, கொள்ளுப்பேத்திக் கண்ணு? எங்கே, முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. நீயே எழுதின கதைதானே என்று ஓடாதே, எழுதியிருக்கிறதை மட்டும் படி. நீ எந்த இடத்தில் தடுக்குகிறாய் என்று பார்க்கிறேன். அதுவரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.